பெட்டகத்துப் பச்சை

பழைய மரத் தளபாடங்களுக்கு இப்போது நல்ல காலம். எங்கள் கரையோர ஊர்களுக்குச் சின்ன லொறிகளில் வந்து, பழைய அலுமாரி இருக்கா, கதிரை இருக்கா, பெட்டகம் இருக்கா என்று வாசல் வாசலாகக் கேட்டு வாங்கிப்போகிறார்கள். வாங்கியதும் அவர்கள் செய்கிற முதல் வேலை மேலே கிடக்கும் தீந்தையைக் கழற்றுவதுதான். முதிரையின் பொன்மஞ்சளும் பலாவின் தேன்நிறமும் வெளியே தெரிந்துவிட்டால் விலை வேறு. இதைக் கண்டு ஊரவர்களுக்கும் ஆசை பிறந்துவிட்டது. "உள்ளுக்க நல்ல மரம் கிடக்கு, பெயின்ட அடிச்சுப் பழுதாக்கிப் போட்டாங்க" என்ற கதையை இப்போது எந்த வீட்டு விறாந்தையிலும் கேட்கலாம்.

பழுதாக்கினார்கள் என்ற அந்த ஒரு சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கிற ஊர் எங்களுடையது. உப்புக்காற்று இரும்பாணியைத் தின்னும். மழைக்கால ஈரம் பலகையை ஊதச் செய்யும். கறையானைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எனாமல் தீந்தை இரண்டு கை அடித்தால் ஈரம் உள்ளே போவது குறையும். பலகை வெட்டுப்பட்ட முனைகளில் தீந்தை ஊறி இறங்கி அடைத்துக்கொள்ளும். ஈரம் நுழைவது பெரும்பாலும் அந்த முனைகளால்தான். பெருநாள் நெருங்கினால் சுவருக்குச் சுண்ணாம்பு, கதவுக்கும் வாங்குக்கும் தீந்தை என்பது வருசாவருசம் நடந்த காரியம். நாசமாக்க நினைத்தவர்கள் காசு கொடுத்துத் தீந்தை வாங்கியிருக்க மாட்டார்கள்.

இடையில் ஒன்று. மேசை, கதிரை, அலுமாரி, வாங்கு, தீந்தை எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். லாச்சி ஒல்லாந்தருடையது. நான் வகுப்பில் பலகைக்கு முன்னால் நின்று நாற்காலி என்று எழுதுவேன். பிள்ளைகள் "கதிரை" என்று வாசிப்பார்கள். அவர்களைத் திருத்தப் போவதில்லை. எங்கள் பேச்சிலிருந்து இந்தச் சொற்களைச் சுரண்டி எடுத்தால் உட்கார ஒன்றும் மிஞ்சாது.

பழைய தீந்தையை நியாயப்படுத்திவிட்டு அதைக் கழற்றியே ஆக வேண்டும் என்று சொல்வது முரணாகத் தெரியலாம். ஆனால் என் தாத்தாவின் வீட்டில் நிலைமை அப்படித்தான் இருந்தது. தாத்தாவின் மகளுக்கு ஒன்றரை வயதில் ஆண்பிள்ளை. பல் முளைக்கிற பருவம். நடுக்கூடத்தில் இருந்த உம்மாவின் பெட்டகத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்கப் பழகினான். நின்றதும் மூடியின் ஓரத்தில் வாயை வைத்துக் கடிப்பான். அந்த ஓரத்தில் நீலத் தீந்தை பொருக்காக எழும்பியிருந்தது. அவனுடைய உதட்டில் ஒருநாள் நீலப் பொருக்கு ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுவிட்டு மருமகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய எனாமல் தீந்தைகளில் ஈயம் கலந்திருந்தது. வெள்ளைக்கு ஈய வெள்ளை, அடிப்பூச்சுக்குச் சிவப்பு ஈயம், மஞ்சளுக்கு ஈயக் குரோமேட்டு. விரைவில் காய்வதற்கும் ஈயச் சேர்வைகள் போட்டார்கள். அதன் பொருக்கு இலேசாக இனிக்கும் என்கிறார்கள்; பிள்ளைகள் திரும்பத் திரும்ப வாயில் வைக்க அதுவும் ஒரு காரணம். ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனால், பெரியவர்களின் உடம்பு எடுப்பதைப் போல நான்கைந்து மடங்கைச் சிறு பிள்ளையின் உடம்பு எடுத்துக்கொள்ளும். அது மூளை வளர்கிற காலம். இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. எலும்பில் போய்ப் படிந்த ஈயம் அவர்கள் பிள்ளைத்தாய்ச்சியாகும் காலத்தில் மறுபடியும் இரத்தத்தில் இறங்கும்.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த செய்தியுமல்ல. கட்டடங்களின் உள்ளே ஈய வெள்ளை பூசுவதைக் கட்டுப்படுத்தச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1921இலேயே சமவாயம் செய்தது. அமெரிக்கா 1978இல் வீட்டுத் தீந்தையில் ஈயத்தைத் தடை செய்தது. நமது நாட்டில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் கட்டளை வந்து, எனாமல் தீந்தையில் ஈயம் பத்து இலட்சத்தில் 600 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வரம்பு 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. விளையாட்டுப் பொருள்களின் தீந்தைக்கு 90 பங்கு. அதற்கு முன் அடித்த தீந்தையெல்லாம் எங்கே போனது? எங்கும் போகவில்லை. நம்முடைய கதவிலும் ஜன்னலிலும் கட்டிலிலும் பெட்டகத்திலும் இருக்கிறது. எங்களூரில் அதைச் சோதித்துச் சொல்ல ஆளில்லை. பழைய தீந்தை என்றால் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் புத்தி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நன்றாக ஒட்டிக்கொண்டு, பொருக்கெழும்பாமல், பிள்ளைகளின் கைக்கும் வாய்க்கும் எட்டாமல் இருக்கிற பழைய தீந்தையைக் கழற்றாமல் விடுவதே நல்லது. மேலே புதுப்பூச்சு ஒன்று போட்டு அடைத்துவிடலாம். அழகுக்காகக் கழற்றப் போய் வீட்டை ஈயத்தூளால் நிரப்புவது இருந்ததைவிடப் பெரிய கேடு. மூடியை அந்தப் பிள்ளை கடிக்கவில்லையென்றால் நான் உம்மாவின் பெட்டகத்தில் கை வைத்திருக்க மாட்டேன்.

பெட்டகம் என்றால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு என்ன என்பதை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீடு பெண்ணுக்கு, வீட்டிலுள்ள சாமான் பெண்ணுக்கு. உம்மாவுக்கு 1973இல் கலியாணம். அவரோடு வந்த பெட்டகம் தாத்தாவுக்குப் போய், இனி மருமகளுக்கு என்று பேச்சு. பட்டுப்புடைவை, உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரம், நகை அடகு வைத்த சிட்டு எல்லாம் அதற்குள்ளேதான். 2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு வந்துபோனபோது நான் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிலுநர். விடுமுறைக்கு வீட்டில் நின்றேன். தண்ணீர் வற்றிய பிறகு பெட்டகம் கிணற்றடியில் குப்புறக் கிடந்தது. உள்ளே சேறு. ஆனால் ஒரு மூட்டும் விடவில்லை. மறுவருசம் வாப்பா அதற்கு நீலம் அடித்தார். அந்த நீலம்தான் இப்போது பொருக்கெழும்பியது. உப்பு ஊறிய மரத்தில் தீந்தை எத்தனை நாளைக்குப் பிடிக்கும்?

கழற்றும் வேலைக்கு ஊரில் மூன்று வழி உண்டு. ஓடாவிமார் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டுவார்கள். புதிதாக உடைத்த கண்ணாடியின் விளிம்பு சீவுளியைவிட மெல்லிசாகச் சீவும், பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் காய்ந்த தீந்தையில் அது தூளாகப் பறக்கும். இரண்டாவது கோஸ்டிக் சோடா. மலிவு, வேகம். கதவு ஜன்னல் என்று பெரிய சாமான்களுக்கு அதைத்தான் பாவிக்கிறார்கள். சோடாவைத் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றக்கூடாது. அலுமினியப் பாத்திரம் ஆகாது, பிளாஸ்டிக் வாளிதான். கையில் தெறித்தால் தோல் போய்விடும், கண்ணில் தெறித்தால் கண் போய்விடும். இத்தனைக்கும் பிறகு சில மரங்களைக் கறுப்பாக்கிவிடும், பழைய வச்சிரப் பசையை இளக்கி மூட்டைக் கழற்றிவிடும். மூன்றாவது சூடு. ஊதுவிளக்காலோ இப்போது கடையில் கிடைக்கிற சூட்டுக்காற்றுத் துப்பாக்கியாலோ தீந்தையைப் பொங்கவைத்து வழிப்பது. சூடு மிஞ்சினால் ஈயம் புகையாகி நேரே நெஞ்சுக்குள் போகும். ஊதுவிளக்கை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது.

நாங்கள் எடுத்தது பசை போன்ற ரிமூவர். டின்னின் பின்பக்கத்தை வாசித்துத்தான் எடுத்தேன். மெதிலீன் குளோரைட் கலந்த ரிமூவர்கள் வேகமாக வேலை செய்யும். மூடிய அறைக்குள் அதைப் பாவித்தவர்கள் அங்கேயே செத்து விழுந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019இல் அதை வீட்டுப் பாவனைக்கு விற்பதை நிறுத்தினார்கள். அது சேராத டின் ஒன்று கிடைத்தது. மெதுவாக வேலை செய்யும், அவ்வளவுதான்.

பெட்டகத்தை மாமரத்தின் கீழே, பெரிய பொலித்தீன் விரித்து அதன் மேல் வைத்தோம். மருமகளும் பிள்ளையும் அந்த மூன்று நாளும் அவளுடைய மாமி வீட்டில். கோழிகளையும் அடைத்துவிட்டோம், எங்கள் மணல் நிலத்தில் விழுந்த எதையும் கோழி கிளறாமல் விடாது. ரிமூவரைத் தடிப்பாகப் பூசி, காயாமல் இருக்க மேலே இன்னொரு பொலித்தீனால் மூடி ஓர் இரவு விட்டோம். காலையில் திறந்தால் தீந்தை முழுவதும் கிழவியின் புறங்கைத் தோல்போலச் சுருங்கியிருந்தது. மழுங்கிய தகட்டுச் சுரண்டியால் மரத்தின் இழையோடு தள்ளினால் பட்டையாக வந்தது. கடைந்த கால்களின் பள்ளங்களில் தகடு நுழையாது. தும்புக்கயிற்றைச் சுற்றி, தயிர் கடைவதுபோல இழுத்தால் பள்ளத்திலிருப்பது தானாக வரும். சித்திர வேலைக்கு மூங்கில் குச்சியைச் சீவிக்கொண்டோம்.

உதவிக்கு வந்தவர் எங்களூர் ஓடாவிக் காக்கா. அறுபது தாண்டியவர். மாட்டு வண்டிச் சக்கரத்திலிருந்து பள்ளி மிம்பர் வரை செய்த கை. வந்ததும் ஒரு வாய் வெற்றிலை போட்டார். சுரண்டுகிற கையாலேயே சுண்ணாம்பைத் தொட்டு நாக்கில் தடவினார். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் கூசியது. ஆனாலும் சொன்னேன்.

"சேர், நாப்பது வருசமா இப்பிடித்தான். எனக்கு என்ன வந்த?"

"காக்கா, உங்களுக்கு வயிறு அடிக்கடி பிடிச்சு வலிக்கிற எண்டு போன முறை சொன்னயள். அது இதாலயும் இருக்கலாம்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்துபோய்ச் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வெற்றிலைத் தட்டைத் திண்ணைக்கு எடுத்துப்போகச் சொன்னார். "இத எங்களுக்கு ஒரு தரும் சொல்லித் தரல்ல சேர்" என்றார். சொல்லித் தருகிற தொழிலில் இருக்கிற எனக்கு அந்த வசனம் லேசாகக் கடந்துபோகவில்லை.

ஏனென்றால் ஒரு பாடசாலையில் நான் கண்ட சிரமதானம் நினைவுக்கு வந்தது. ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது நாற்பது பேர், பழைய மேசை கதிரைகளை மைதானத்தில் அடுக்கி, மண் கடதாசியால் உலர உலர உரோஞ்சிக்கொண்டிருந்தார்கள். எத்தனை தலைமுறைத் தீந்தையோ! வெள்ளைச் சட்டைகளெல்லாம் பச்சையும் மஞ்சளும். இடைவேளை மணி அடித்ததும் அந்தக் கையாலேயே பணிஸ் தின்றார்கள். செலவில்லாமல் வேலை முடிந்தது என்று பெரியவர்கள் மகிழ்ந்தார்கள். பிள்ளைகளைக் கொண்டு பழைய தீந்தை உரோஞ்சுவிப்பது எந்தப் பாடசாலையிலும் நடக்கக்கூடாது. உரோஞ்சித்தான் ஆக வேண்டுமென்றால் பெரியவர்கள், வெளியில், தண்ணீர் தொட்டு, ஈரமாக. தூளைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரச் சீலையால் துடைத்தெடுக்க வேண்டும். முகத்தில் கட்டுகிற கைக்குட்டை அந்தத் தூளை மறிக்காது. போட்ட உடுப்பை வீட்டுச் சலவையோடு சேர்க்கவும் கூடாது.

இரண்டாம் நாள் நீலம் போய், அதன் கீழே பால்நிறம் போய், பச்சை வந்தது. வேப்பங்கொழுந்துக்கும் வாழையிலைக்கும் இடைப்பட்ட ஒரு பச்சை. 1973இல் அடித்த பச்சை. அந்தக் காலத்துப் பச்சை எனாமல்கள் பலவற்றில் குரோம் மஞ்சளையும் பிரஷ்யன் நீலத்தையும் கலந்தார்கள். குரோம் மஞ்சள் என்பது மேலே சொன்ன ஈயக் குரோமேட்டுத்தான். அதாவது அந்தப் பெட்டகத்தில் மிக அழகான பூச்சு எதுவோ அதன்மேல்தான் எனக்குச் சந்தேகமும் அதிகம். அதையும் கழற்றினோம்.

முன்பலகை முதிரை. துடைத்ததும் பட்டுத்துணிபோல ஒளி அலைந்தது. ஓடாவிக் காக்கா உடனே முழங்கை வரை சீலையைச் சுற்றிக்கொண்டார். முதிரைத்தூள் சிலருக்குத் தோலில் பட்டால் சொறியும், அவர் அந்தச் சிலரில் ஒருவர். பக்கப்பலகை இரண்டும் வேம்பு. மூடியைத் திருப்பிய போதுதான் அவருடைய கை நின்றது.

"சேர், இது பெட்டகத்துக்கு அறுத்த பலகை இல்ல."

மூடியின் ஓர் ஓரத்தில் சாண் நீளத்துக்கு இரண்டு வெட்டு, புட்டி வைத்து அடைத்திருந்தது. பிணைச்சல் இருந்த இடம். எதிர் ஓரத்தில் பூட்டுத் துவாரம் ஒன்று. அதற்குச் சின்னக் கட்டை செதுக்கி இறுக்கியிருந்தார்கள். ஒரு கதவை அறுத்து மூடி செய்திருக்கிறார்கள். பச்சைக்குக் கீழே ஐம்பது வருசமாக அது ஒளிந்திருந்தது.

உம்மா விறாந்தையில் இருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து அந்தப் பூட்டுத் துவாரத்தை விரலால் தடவினார். அவர் ஆச்சரியப்படவில்லை.

"எங்கட உள்ளறைக் கதவு மகன் இது" என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மூத்தவாப்பா வயலில் கூலிக்கு நின்றவர். 1973 பஞ்ச வருசம். அரிசிக்கும் சீலைக்கும் அலைந்த காலம். மாப்பிள்ளை வீட்டார் பெட்டகம் கேட்டார்கள். முன்பக்கத்துக்கு முதிரைப் பலகை ஒன்று எப்படியோ கடனுக்குக் கிடைத்தது. மூடிக்குப் பலகை இல்லை. கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில் அவர் வீட்டின் உள்ளறைக் கதவைக் கழற்றி ஓடாவி வீட்டுக்குச் சுமந்துபோனார். அதற்குப் பிறகு மூத்தம்மா மௌத்தாகும் வரை அந்த அறைக்குப் பழைய சாரிச் சீலைதான் கதவு.

"பச்சை அடிச்சது வாப்பாதான். ராவைக்கு லாம்பு வெச்சு அடிச்சார். ஆரும் காணக்கூடாதெண்டு மூணு தரம் அடிச்சார். உங்கட வாப்பாக்கும் தெரியா."

வாப்பாவுக்கும் தெரியாது! அவர் மௌத்தாகி எட்டு வருசம். அந்த மூடியின் மேல் நீலம் அடித்தவர் அவர்.

மாலையில் மருமகள் வந்து பார்த்துவிட்டுப் பூரித்துப்போனாள். "மாமா, இத இப்பிடியே விட்டு மெல்லிசா வார்னிஷ் மட்டும் அடிப்பம். அந்தக் கதவு வெட்டு தெரியட்டும். அதுதானே வடிவு" என்றாள். அவளுடைய கையடக்கத் தொலைபேசியில் அதற்குள் நான்கைந்து படம் ஏறிவிட்டது. அவள் சொன்னதில் பிழையில்லை. அவளுக்கு அது பெருமை. அவளுடைய தலைமுறைக்கு, இல்லாமையைக் காட்டிக்கொள்வதில் வெட்கம் இல்லை, ஏனென்றால் அவர்களுக்கு அது இன்னொருவருடைய இல்லாமை.

உம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பிட்டு முடிந்த பிறகு என்னிடம் மட்டும் கேட்டார்: "அத மூட ஏலாதா மகன்?"

தாத்தாவும் மருமகளும் நானும் இரண்டு நாள் பேசினோம். சத்தம் போட்டும் பேசினோம். சாமான் மருமகளுக்கு வரப்போவது என்பது தாத்தாவின் கட்சி. மூத்தவாப்பா மூடி வைத்ததைத் திறந்து வைக்க எங்களுக்கு யார் உரிமை தந்தது என்பது என்னுடையது. மரத்தை அதன் இயற்கை நிறத்தில் விடுவதுதான் உண்மை, தீந்தை பொய் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். இந்தப் பெட்டகம் ஒருநாளும் வெறும் மரமாக ஒரு வீட்டில் இருந்ததில்லை. அது வீட்டுக்குள் வந்ததே பச்சையாகத்தான். மருமகள் கடைசியில் ஒரு நிபந்தனையோடு இணங்கினாள். மூடியின் உட்பக்கத்தைத் தீந்தையில்லாமல் விட வேண்டும், திறக்கிறவளுக்கு மட்டும் தெரியட்டும் என்றாள். உம்மா அதற்குத் தலையாட்டினார்.

கழற்றிய பொருக்கும் ரிமூவர் சேறும் இரண்டு பெரிய பால்மா டின் நிறைய வந்தன. அதை எரிக்கவும் கூடாது, கிணற்றடியில் கொட்டவும் கூடாது. எங்கள் கிணறுகள் ஆழமில்லாதவை. மூடி இறுக்கி, மேலே எழுதி, பிரதேச சபை ஆபத்தான கழிவு எடுக்கிற நாளுக்காக வைத்திருக்கிறேன். அந்த நாள் இன்னும் வரவில்லை.

தீந்தை வாங்கப் போகும்போது பச்சைப் பொருக்கு ஒன்றைப் பொலித்தீன் பையில் ஒட்டி எடுத்துப்போனேன். கடையில் கணினி வைத்து நிறம் கலக்கிறார்கள். ஈயம் சேர்க்காதது என்று டின்னில் அச்சடித்திருப்பதைப் பார்த்துத்தான் எடுத்தேன். இரண்டு பூச்சு அடித்துக் காயவிட்டோம். உம்மா கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் இருந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது கொஞ்சம் வெளிறல்" என்றார்.

டின்னில் இன்னும் மிச்சம் கிடக்கிறது, மூன்றாவது கையும் போடலாம் என்று ஓடாவிக் காக்கா தூரிகையைத் தேடினார்.